மதுவுக்குப் புரியாத பாஷை

போன வாரம் அகல்யா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு பத்திரிகையை மூடி வைத்தவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. அவள் ஜெயிக்கவில்லை. ஒரு நாள் அவகாசம் வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் பத்மநாபன் ஜூனில் ரிட்டயர் ஆகிறார். டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகன் கௌதமன், "அப்பா, அம்மா ரெண்டு பேரும் இங்க வந்துருங்க" என்று போனில் சொல்லிவிட்டான். ரெண்டு பேர் என்றால் ரெண்டு பேர்தான். தங்கை மதுமதி அதில் சேர்த்தி இல்லை. அவளுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஹோமில் இடம் பேசி வைத்தாயிற்று. இந்த விஷயம் மதுவுக்குத் தெரியாது.

மதுவுக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். எதையும் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வாள். கற்றுக்கொண்டதை மறக்க மாட்டாள். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான பள்ளியில் இத்தனை வருஷமும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பதினெட்டு முடிந்தால் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த மார்ச்சோடு சரி. அதற்கப்புறம் இந்தப் பெண் என்ன செய்யும் என்று கேட்டால், டெல்லியில் பதில் சொல்ல ஆள் இல்லை.

அகல்யா விடவில்லை. மதுவின் டீச்சர் ராஜியைக் கூட்டிக்கொண்டு நாயாய் அலைந்தாள். கடைசியில் லோதி ரோடு கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில், துணி மடிக்கும் வேலைக்கு ஒரு நாள் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். எடுத்துக்கொண்டால் கரோல் பாக்கில் வாடகைக்கு வீடு பிடித்து மூன்று பேரும் டெல்லியிலேயே இருப்பது. வேண்டாம் என்றுவிட்டால் ஹோம். பத்மநாபன் அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு நாள்தான் இன்று.

காலையில் மது தானே எழுந்து, தானே குளித்து, நீல சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். இன்றைக்கு யூனிஃபார்ம் கிடையாது. கமீஸில் முன்பக்கம் பொத்தான்கள். அம்மா கை வைக்கப் போனால், "நான்" என்று தள்ளிவிட்டாள்.

"சரிட்டி, நீயே போடு. உன் சாமர்த்தியத்தப் பாக்கேன்" என்று அகல்யா கீழே உட்காரப் போனாள். முழங்கால் மடங்கவில்லை. ராத்திரி முழுக்க நீவிவிட்டும் வீக்கம் வற்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் போனாள்.

பத்மநாபன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் காலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறினார்.

இங்கே இந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெல்லித் தமிழர்களுக்கு வீட்டுக்குத் தமிழ், தெருவுக்கு இந்தி. காய்கறிக்காரனுக்கு எதிரிலேயே "கூடச் சொல்லுதான், நீங்க நடங்க" என்று தமிழில் பேசிக்கொள்ளலாம். அவனுக்குப் புரியாது. வீட்டுக்குள் இருக்கிற ஆளுக்கே தெரியக் கூடாது என்றால்? அதற்குத்தான் ஆங்கிலம். கௌதமன் சின்னவனாக இருந்தபோது ஐஸ்கிரீம் வாங்கலாமா வேண்டாமா என்பதை இவர்கள் ஆங்கிலத்தில்தான் முடிவு செய்வார்கள். அந்தப் பயல் ரெண்டாம் வகுப்பிலேயே "எனக்கு வெனிலா" என்று நடுவில் புகுந்துவிட்டான். அதோடு அவனிடம் அந்த வித்தை செல்லவில்லை.

மதுவிடம் செல்லுபடியாயிற்று. குழந்தையைக் குழப்பாதீர்கள், வீட்டில் ஒரே பாஷையாகப் பேசுங்கள் என்று டாக்டர் சொன்னதால் அவளோடு தமிழ் மட்டும் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் இந்தி ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் அவளுக்கு வராது என்று இவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே அவள் தலைக்கு மேலே எத்தனையோ பேசியிருக்கிறார்கள். கௌதமனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் என்ன சொன்னார்கள், நாம் போன பிறகு இவளை யார் பார்ப்பார்கள், இவள் பிறக்காமலே இருந்திருந்தால், எல்லாவற்றையும்.

"அவர்கள் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்றார் பத்மநாபன், ஆங்கிலத்தில். "ஜூனில் அவளை ஹோமில் விட்டுவிட்டு நாம் பெங்களூர் போய்விடலாம். இந்தக் காலோடு கரோல் பாக்கிலும் மாடிப்படி ஏறி இறங்கி என்ன செய்யப்போகிறாய்? அவளுக்கு முன்னால் நீ போய்விடுவாய்."

இதற்கு முன்னால் இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் அகல்யா சீறுவாள். நேற்றுக்கூட, மது தூங்கின பிறகு, பெத்த வயிறு எரியுது, ஹோம் என்கிற வார்த்தையை என் காதில் போடாதீர்கள் என்று சண்டை போட்டவள்தான். இன்று சீறவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐ ஆம் டயர்டு" என்றாள். "ஐ ஆம் ஸோ டயர்டு." இன்னும் கொஞ்சம் சொன்னாள். ஒரே ஒரு மத்தியானம் யாரைப் பற்றியும் நினைக்காமல் தூங்க வேண்டும் போலிருக்கிறது என்றாள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒருவேளை நானும் சும்மா இருந்துவிடுவேன் என்றாள்.

மதுவின் விரல் ஒரு பொத்தானில் நின்றிருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்ததும் அதைத் துளைக்குள் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டியாட்டி?" என்று கேட்டாள் அகல்யா, தமிழில்.

"ம்" என்றாள் மது.

மாடிப்படியில் போன வாரத்து ஹோலிச் சாயம் இன்னும் போகவில்லை. சிவப்புக் கறையை மிதிக்காமல் தாண்டித் தாண்டி இறங்கிப் போனாள். வாசலில் திரும்பிக் கையாட்டுவது வழக்கம். இன்று ஆட்டவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டாள் போல என்று அகல்யா நினைத்துக்கொண்டாள்.

பஸ் ஏறினது, இறங்கினது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவள் ராஜி டீச்சர். கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த பெண், கல்யாணமாகாதவள், மதுவை விட்டால் உலகம் இல்லை என்று இருப்பவள். ஒரு வருஷமாக மதுவுக்கு பஸ் பழக்கியது அவள்தான். தெரியாதவள் மாதிரி நாலு சீட் தள்ளி உட்கார்ந்து வருவாள். அதுதான் பாடம்.

மத்தியானம் அகல்யா வீட்டு போன் அடித்தது.

"ஆன்ட்டி, நான் ராஜி. பயப்படாதீங்க. மது நல்லாதான் இருக்கா. ஆனா நீங்க கொஞ்சம் ஜல்தி வர முடியுமா?"

"என்னம்மா? விழுந்து கிழுந்துட்டாளா?"

"இல்ல ஆன்ட்டி. வேலை செய்ய மாட்டேங்குறா."

அகல்யா ஆட்டோ பிடித்து ஓடினாள். கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம், சலவைக்குப் போய்வந்த துணிகளை வைக்கிற அறை. மேஜை மேல் வெள்ளைத் துவாலைகள் மலையாகக் குவிந்திருந்தன. அதற்கு முன்னால் ஸ்டூலில் மது உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில். காலையில் வந்தது முதல் அப்படியேதான் இருக்கிறாளாம்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் சாவ்லா மேடம் என்கிற பஞ்சாபி அம்மாள். நல்ல மனுஷி. தன் கையாலேயே ஒரு துவாலையை எடுத்து மடித்துக் காட்டினார். "தேக்கோ பேட்டா, ஐஸே. அப் தும் கரோ" என்றார். பார் கண்ணு, இப்படி, இப்போது நீ செய் என்று.

மது அவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "நஹி ஆத்தா" என்றாள்.

எனக்கு வராது. இந்தி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ராஜிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிள்ளையும் "நஹி ஆத்தா" என்று சொல்லக் கூடாது. வராவிட்டால் "ஃபிர் ஸே" என்று சொல்ல வேண்டும், இன்னொரு தடவை என்று. புதிதாக வருகிற பிள்ளைகள் வாய் தவறிச் சொன்னால் முதலில் உதட்டில் விரல் வைத்து அதட்டுகிறவள் இந்த மதுதான். பள்ளியில் துணி மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூன்றாக மடித்து, ஓரத்தை உள்ளே தள்ளி, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி வைத்தாளானால் இஸ்திரிக்காரன் தோற்றான்.

"காலைல வீட்டுல ஏதாவது சொன்னீங்களா ஆன்ட்டி?" என்று ராஜி மெல்லக் கேட்டாள்.

"அவகிட்ட நாங்க ஒண்ணும் சொல்லலியே" என்றாள் அகல்யா.

அது உண்மைதான். அவளிடம் அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சாவ்லா மேடம் ராஜியைத் தனியே அழைத்துப் பேசினார். முதல் நாள் பயமாக இருக்கும், நாளைக்குக் காலையில் ஒரு தடவை கூட்டி வாருங்கள், அதற்கு மேல் எனக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார். வருகிறீர்களா இல்லையா என்று சாயந்திரத்துக்குள் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். ராஜி கும்பிட்டாள்.

அகல்யா அந்தத் துவாலைக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. முடிந்துவிட்டது, இனி நாம் சண்டை போட வேண்டாம். மறு நிமிஷமே தன்னை நினைத்து அவளுக்கு உடம்பு கூசிவிட்டது. இப்படி ஒரு தாய் உண்டா என்று நினைத்தாள். மதுவின் கையைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

திரும்பி வர ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஏறினார்கள். நல்ல கூட்டம். லேடீஸ் சீட்டில் ஒருவன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மது அவன் முன்னால் போய் நின்றாள்.

"பையா, உட்டியே. லேடீஸ் சீட்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் நகரவில்லை. எழுந்து போய்விட்டான்.

"அம்மா, உக்காரு" என்றாள் மது. அகல்யா உட்கார்ந்ததும், யாரும் இடித்துவிடாதபடி அவள் முழங்காலுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வருகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

"ஏன்ட்டி செய்யல?" அகல்யா கேட்டாள். "உனக்குத்தான் நல்லா வருமே."

"வராது."

"பொய் சொல்லாத."

"வராது" என்றாள் மது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் அகல்யா அடுப்பில் டீக்குப் பால் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். சாயந்திர வெயில் சமையலறை ஜன்னல் வழியாக விழுந்திருந்தது. கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையிலிருந்து ஏதோ இழுக்கிற சத்தம் வந்தது. கட்டிலடியில் பூனை புகுந்துவிட்டதோ என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

கட்டிலின் மேல் கௌதமனின் பழைய சூட்கேஸ் திறந்து கிடந்தது. பக்கத்தில் மதுவின் துணிகள். ஒன்று விடாமல் அலமாரியிலிருந்து எடுத்துக் குவித்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாக மடித்தாள். ஓரத்தை உள்ளே தள்ளினாள். உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். சூட்கேஸில் வைத்தாள். ஒரு சுருக்கம் இல்லை.

அகல்யா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டி, என்ன செய்யுத?"

ஒரு துப்பட்டாவை உதறி எடுத்தாள்.

"மது. உன்னத்தான் கேக்கேன். எங்க போறதுக்கு?"

"ஹோம்" என்றாள் மது. துப்பட்டாவை மடித்து முடித்துவிட்டு, மேலும் சொன்னாள். "ஜூன்."

அந்த இரண்டு வார்த்தையையும் இந்த வீட்டில் யாரும் அவளிடம் தமிழில் சொன்னது கிடையாது. இந்தியிலும் சொன்னது கிடையாது.

அகல்யா கட்டில் வரைக்கும் வந்துவிட்டாள். எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "உனக்கு யாருட்டி சொன்னா? ராஜி சொன்னாளா?"

மது தலையை ஆட்டினாள், இல்லை என்று. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். புடவைக்கு மேலேயே முழங்காலைத் தொட்டாள். அவளுக்குப் பெரிய வாக்கியங்கள் வராது. நாக்கு கொஞ்சம் தடிமன். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அம்மா ஸோ டயர்டு" என்றாள். "மது நோ ஜாப். அம்மா ஸ்லீப்."

பள்ளிக்கூடத்தில் டீச்சர்களும் டாக்டர்களும் பிள்ளைகளின் தலைக்கு மேலே பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தானே. வீட்டிலும் அதுதானே. பதினெட்டு வருஷம் இரண்டு பக்கத்திலிருந்தும் காதில் விழுந்த பாஷை, அந்தப் பெண்ணுக்குப் புரியாமலா போய்விடும்? நமக்கு இப்போது தோன்றுகிறது. பி.ஏ. படித்த அகல்யாவுக்கும் இந்திய அரசாங்கத்துக்கே நோட் எழுதிக் கொடுத்த பத்மநாபனுக்கும் தோன்றவில்லை.

எது எதைப் பேசினோம் என்று அகல்யாவுக்கு நினைவு வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக வந்தது. பெண் கொடுக்க வந்தவர்கள் தங்கையைப் பற்றிச் சொன்னது. கௌதமன் போனில் கத்தியது. ஒரு தீபாவளியன்று, தட்டில் மைசூர்பாகு வைத்துக்கொண்டு மது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இவள் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று தான் சொன்னது. அன்று மது தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மா மடியில் படுத்துக்கொண்டாள். ஏதோ தூக்கம் வருகிறது என்று நினைத்தார்கள்.

"அய்யோ" என்றாள் அகல்யா. மதுவை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்கிறார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் இந்தப் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டார்.

மது கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் பிடியிலிருந்து மெதுவாக நழுவி, மிச்சத் துணியை மடிக்கப் போய்விட்டாள்.

வாசல் கதவு திறந்தது. பத்மநாபன் ஆபீஸ் பையோடு உள்ளே வந்தார். அழுத முகத்தோடு மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சூட்கேஸ் அவர் கண்ணில் படவில்லை. பழக்க தோஷம், ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"ஆக, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா? எனக்கு முன்னாலேயே தெரியும். இன்றைக்கு அவளிடம் ஒன்றும் சொல்லாதே. பாவம், அவளுக்கு என்ன தெரியும்."

மது திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த பாவாடையின் ஓரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, டோன்ட் வொரி. மது பேக்கிங்."

பத்மநாபனின் கையிலிருந்து பை நழுவியது. டிபன் டப்பா தரையில் உருண்டு கட்டிலடிக்குப் போனது. அவர் குனிந்து எடுக்கவில்லை. சூட்கேஸை இப்போதுதான் பார்த்தார்.

"அகல்யா, இவ இங்..." என்று ஆரம்பித்து எந்தப் பாஷையில் கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார்.

"தமிழ்லயே கேளுங்க" என்றாள் அகல்யா. "எதுல கேட்டாலும் ஒண்ணுதான். எல்லாம் தெரியும் அவளுக்கு. நீங்க பேசினதும் தெரியும், நான் பேசினதும் தெரியும். எனக்காகத்தாங்க இன்னிக்குக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருந்துருக்கா. எம்பிள்ளைக்கு வராதாம். எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

பத்மநாபன் சுவரோரமாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மது அவரைத் தாண்டிப் போய்க் கட்டிலடியில் கையை விட்டு டிபன் டப்பாவை எடுத்து, துடைத்து, அவர் மடியில் வைத்தாள்.

கூடத்தில் போன் அடித்தது.

அகல்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள். ராஜிதான்.

"ஆன்ட்டி, சாவ்லா மேடம் கேக்குறாங்க. நாளைக்குக் காலைல மதுவைக் கூட்டிட்டு வரலாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

அகல்யா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாக இந்தப் பெண்ணைப் பற்றிய கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் அவள்தான். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, ஒயர் எட்டுகிற மட்டும் உள்ளறைப் பக்கம் நீட்டினாள்.

"மது, இங்க வா. உனக்குத்தான் போன். நாளைக்கு நீ போறியா இல்லையான்னு கேக்கா. நீயே சொல்லு."

மது வந்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இதுவரை அவளுக்கென்று இந்த வீட்டில் போன் வந்ததில்லை. அந்தப் பக்கம் ராஜி, "போலோ மது, போலோ" என்று பதில் சொல்லச் சொல்வது கூடம் வரைக்கும் கேட்டது.

முதலில் குனிந்து அம்மாவின் முழங்காலைப் பார்த்தாள்.